வகுப்பும் பொருளும்: மரபியல் முதல் சிமுலா வரை

காக்கநாட்டில் இன்ஃபோபார்க் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்குப் பிறகு நம் குடும்பங்களின் பேச்சே மாறிப்போயிற்று. அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்கு, ஏலம் என்று நின்றவர். மகனும் மகளும் காலையில் பையை மாட்டிக்கொண்டு காயலைத் தாண்டிக் கிழக்கே காக்கநாட்டுக்குப் போகிறார்கள். இரவு வீடு திரும்பிய பிறகும் போனில் 'கிளாஸ்', 'ஆப்ஜெக்ட்', 'இன்ஹெரிட்டன்ஸ்' என்றே பேச்சு ஓடுகிறது. என்னப்பா அது என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது, விடுங்க" என்று பதில் வரும். அப்படி ஒன்றும் புரியாத விஷயம் அல்ல என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கணிப்பொறிப் பாடநூலில் இவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் உண்டு. கிளாஸ் என்பது இனக்குழு, ஆப்ஜெக்ட் என்பது பொருள், இன்ஹெரிட்டன்ஸ் என்பது மரபுரிமம். இந்த மூன்றாவது சொல்லைப் பார்த்ததும் தமிழ் படித்தவர்களுக்கு உடனே ஒன்று நினைவுக்கு வரும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயர் மரபியல். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் படிப்படியாக வகுத்துச் சொல்வது அந்த இயல்தான். விடுவார்களா நம் மேடைப் பேச்சாளர்கள்? "கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் நாம அப்பவே சொல்லியாச்சு" என்பார்கள், கைதட்டலும் கிடைக்கும். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒரு சரக்கை வேறொரு சரக்கின் பெயரில் விற்கிறவன் நல்ல வியாபாரி அல்ல. எது ஒத்திருக்கிறது, எது ஒத்திருக்கவில்லை என்று தராசில் வைத்துப் பார்ப்போம். கிளாஸ் என்பதை இக்கட்டுரையில் 'வகுப்பு' என்றே எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூட்டையும் தரமும்

எனக்குத் தெரிந்த சரக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஏற்றுமதி மிளகில் 'எம்.ஜி.1' என்று ஒரு தரம் உண்டு. மலபார் கார்பிள்டு முதல் தரம் என்று அர்த்தம். கார்பிள்டு என்றால் தூசி, காம்பு, பொக்கு நீக்கிச் சுத்தம் செய்தது. ஒரு லிட்டர் அளவில் இத்தனை கிராம் நிற்க வேண்டும், ஈரம் இத்தனைக்கு மேல் போகக் கூடாது, பொக்கு இத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. 'டெலிச்சேரி' என்கிற தரத்துக்கு வேறு பட்டியல். 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் எக்ஸ்ட்ரா போல்டு, 4.75ல் தங்கினால் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு. அந்த மிளகு தலச்சேரியில் விளைந்திருக்க வேண்டும் என்பதில்லை. இடுக்கியிலும் வயநாட்டிலும் விளைந்த மணி பெரிதாக இருந்தால் அதுவும் டெலிச்சேரிதான். ஊர்ப் பெயர் தரத்தின் பெயராகிவிட்டது.

இந்தப் பட்டியல்தான் வகுப்பு. என் கிடங்கில் சாய்த்து வைத்திருக்கிற மூட்டை ஒவ்வொன்றும் பொருள். பட்டியலுக்கு எடை கிடையாது, வாசனை கிடையாது, எலி கடிக்காது. மூட்டைக்கு எல்லாம் உண்டு. ஒரே தரத்தைச் சேர்ந்த இரண்டு மூட்டைகளில் ஒன்றுக்கு ஈரம் பத்து சதவீதம், இன்னொன்றுக்குப் பத்தரை இருக்கலாம். என்னென்ன அளவுகள் ஒரு மூட்டைக்கு இருக்க வேண்டும் என்பதை வகுப்பு சொல்கிறது. அந்த அளவு எவ்வளவு என்பதை ஒவ்வொரு பொருளும் தன்னிடம் வைத்திருக்கிறது. பசங்க படிக்கிற படிப்பின் முதல் பாடம் இதுதான்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1957ல் தொடங்கிய மிளகு வாணிபச் சங்கத்தில் முன்பேர வியாபாரம் கூவி நடந்த காலத்தை நம் பெரியவர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். கையை உயர்த்தி, கத்தி, குவிண்டால் கணக்கில் வாங்கினார்கள், விற்றார்கள். அங்கே யார் கையிலும் ஒரு மிளகு மணி கிடையாது. கைமாறியது வகுப்பின் பேரில் ஒரு வாக்கு. டெலிவரி நாளில் மூட்டை வந்து, ஊசி குத்திச் சாம்பிள் எடுத்து, தரத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் வாக்கு பொருளாயிற்று. இந்த வித்தியாசம் புரியாமல் அழிந்த வீடுகள் உண்டு.

இன்னொரு பாடமும் கடையிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் வந்து "அரைக் கிலோ ஏலம்" என்கிறார். அவர் கிடங்குக்குள் நுழைவதில்லை, என் பேரேட்டைத் திறப்பதில்லை. கேட்கிறார், நான் எடுத்துத் தருகிறேன். உள்ளே எப்படி அடுக்கி வைத்திருக்கிறேன் என்பது என் பாடு. நாளைக்கு நான் அடுக்கை மாற்றினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. பாடநூல் இதை உறைபொதியாக்கம் என்கிறது. சொல் கொஞ்சம் பெரிசு, விஷயம் இவ்வளவுதான்.

ஒஸ்லோவில் ஒரு டோல் கேட்

இந்த எண்ணம் கணிப்பொறிக்குள் நுழைந்தது நார்வே நாட்டில். ஒஸ்லோ நகரில் நார்வே கணிப்பு மையத்தில் வேலை செய்த கிறிஸ்டன் நிகார்டு, ஓலே-யோஹான் டால் என்ற இருவர்தான் காரணம். கியூவில் ஆள் நிற்பது, இயந்திரத்துக்காக வேலை காத்திருப்பது போன்றவற்றைக் கணிப்பொறியில் நடித்துக் காட்டி ஆராய்வதற்கு 1960களின் தொடக்கத்தில் 'சிமுலா' என்ற மொழியை அமைத்தார்கள்.

அப்போது அவர்களுக்கு வந்த ஒரு சிக்கலை நம் ஊர்க்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஒரு பாலம், அதில் ஒரு டோல் கேட், முன்னால் லாரியும் பஸ்ஸும் வரிசையாக நிற்கின்றன. நம் பி.ஓ.டி. பாலத்தில் டோல் வசூல் நடந்த வருஷங்களில் தோப்பும்படிப் பக்கம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். லாரிக்குச் சரக்கு எடை உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் எண்ணிக்கை உண்டு. இரண்டும் வேறு வேறு. ஆனால் கியூவில் நிற்பது என்ற காரியத்தில் இரண்டும் ஒன்று. அப்படியானால் கியூவில் நிற்பதற்கான விதியை லாரிக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவை என்று ஏன் இரண்டு முறை எழுத வேண்டும்? பொதுவானதை ஒரு வகுப்பாக முதலில் எழுதிவிட்டு, லாரி என்பது 'அதுவும், அதற்கு மேல் இதுவும்' என்று எழுதினால் போதாதா? ஆங்கிலேயரான டோனி ஹோர் இதே திசையில் முன்வைத்திருந்த யோசனை அவர்களுக்கு உதவியது. 1967 மே மாதம் ஒஸ்லோவுக்கு அருகே லீசெபு என்ற இடத்தில் கூடிய மாநாட்டில் இந்தப் புது ஏற்பாட்டை வெளியிட்டார்கள். அதுதான் சிமுலா 67. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற இரண்டு பெயரும் ஒரு கணிப்பொறி மொழியில் இன்றைய பொருளில் நிலைபெற்றது அதில்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே என்பவர் 1972 வாக்கில் 'ஸ்மால்டாக்' மொழியைத் தொடங்கினார். உடம்பிலுள்ள செல்கள் போல ஒவ்வொரு பொருளும் தனித்திருந்து ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. டென்மார்க்கைச் சேர்ந்த பியான் ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் படித்தபோது சிமுலாவில் பழகியவர். 1979ல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு வகுப்புகளைச் சேர்த்தார். அது 1983ல் 'சி பிளஸ் பிளஸ்' என்று பெயர் பெற்றது. 1995ல் சன் நிறுவனம் 'ஜாவா'வை வெளியிட்டது. டால், நிகார்டு இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002ல் சில வாரங்கள் முன்பின்னாக இருவரும் மறைந்தார்கள்.

மரபியலின் ஏணி

இனி நம் பக்கம். மரபியல் உயிர்களை ஆறாக வகுக்கிறது. உடம்பால் தொட்டு அறிவது மட்டும் உள்ளவை புல்லும் மரமும். அதோடு நாவின் சுவையும் சேர்ந்தவை நந்து என்னும் நத்தை முதலியன. மூக்கும் சேர்ந்தவை சிதல் என்னும் கரையானும் எறும்பும். கண்ணும் சேர்ந்தவை நண்டும் தும்பியும். செவியும் சேர்ந்தவை விலங்குகள். மனம் என்ற ஆறாவதும் சேர்ந்தவர் மக்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மேல்படி எதுவும் கீழ்ப்படியை விட்டுவிடுவதில்லை. நான்கறிவு என்று சொன்னாலே முதல் மூன்றும் அதற்கு உண்டு, திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. டோல் கேட் லாரிக்கு நார்வேக்காரர்கள் செய்ததும் இதே 'அதுவும், அதற்கு மேல் இதுவும்'தான். இரண்டாவது, எறும்பைச் சொன்ன கையோடு அந்தக் கிளையில் பிறந்தவை இன்னும் உண்டு என்று தொல்காப்பியர் சேர்க்கிறார். இதை ஒவ்வொரு படியிலும் செய்கிறார். அதாவது எறும்பும் கரையானும் உதாரணம், அவையே வகுப்பு அல்ல. மூக்கு வரை அறிவு என்ற இலக்கணம்தான் வகுப்பு. அந்த இலக்கணம் பொருந்துகிற, இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற பூச்சிக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறார். இந்த நுணுக்கத்தை நம் மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி இதே வரிசையைச் சொல்கிறார். புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொன்றாகப் புலன் கூடும். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடம்பாகக் கொண்ட உயிர்களும் தாவரமும் ஓரறிவில் அடங்கும். எங்களுக்கு இது ஏட்டுக் கல்வி அல்ல. எத்தனை புலன் உள்ள உயிருக்குத் தீங்கு நேர்கிறது என்பதை வைத்துத்தான் எதைச் சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம் என்பதெல்லாம் வீட்டில் நடக்கிறது. வந்தவாசிப் பக்கத்துச் சமண வீடுகளில் பொழுது சாயுமுன் உலையை இறக்கிவிடுவது இதனால்தான். இந்த ஒற்றுமையையும் இன்னும் சில காரணங்களையும் காட்டி, தொல்காப்பியர் சமணரே என்று எஸ். வையாபுரிப்பிள்ளை எழுதினார். மறுத்தவர்களும் பலர். எனக்கு அது இனிப்பான செய்திதான், ஆனாலும் ஏணி ஒன்றாக இருப்பதால் மட்டும் ஏறியவர் மதம் தெரிந்துவிடாது என்றே சொல்வேன்.

ஏனென்றால் ஐயமில்லாமல் சமணரான பவணந்தி முனிவர் அதே ஏணியை வேறு மாதிரி முடிக்கிறார். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கன் ஆதரவில் அவர் செய்த நன்னூலில், உரியியலில், உயிர் ஐந்தே வகை. ஆறாவது படி இல்லை! மக்கள், தேவர், நரகர், விலங்கு, பறவை எல்லாம் ஐயறிவில் ஒன்றாக நிற்கிறார்கள். நண்டையும் நான்கறிவு உதாரணத்திலிருந்து எடுத்துவிட்டு வண்டைப் போட்டிருக்கிறார். மனம் என்பதைச் சமண நூல்கள் ஒரு புலனாக எண்ணுவதில்லை. ஐம்புலன் உயிர்களிலேயே மனம் உள்ளவை, இல்லாதவை என்று பிரிக்கும்.

அப்படியானால் பவணந்தியாருக்கு மனிதனும் மாடும் ஒன்றா? இல்லை. பெயரியலில் இன்னொரு பிரிவு வைத்திருக்கிறார். மக்கள், தேவர், நரகர் உயர்திணை. மற்ற உயிருள்ளவையும் உயிரில்லாதவையும் அஃறிணை. புலன் கணக்கில் மாடு எனக்குப் பங்காளி, திணைக் கணக்கில் என் வீட்டுக் கல் உரலோடு சேர்ந்துவிடுகிறது. ஒரே மாடு, இரண்டு வகுப்பு, இரண்டும் சரி. எந்தக் காரியத்துக்காக வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இது ஏன் முக்கியம் என்றால், ஒற்றை ஏணி ஓரிடத்தில் ஒடியும். கரையான்களில் வேலைக்காரக் கரையானுக்குப் பெரும்பாலும் கண் இல்லை, ஆகவே மூவறிவு பொருந்துகிறது. ஆனால் அதே படியில் இருக்கும் எறும்புக்கு, பெரும்பாலான இனங்களில், கண் உண்டு. எறும்பை ஒருபடி ஏற்றிவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவியுணர்வு உண்டு, கண் இல்லை என்று ஓர் உயிர் வந்தால் அதை எந்தப் படியில் வைப்பது? வரிசை மாறாத ஏணியில் அதற்கு இடமே இல்லை. மென்பொருள்காரர்களும் இதே பள்ளத்தில் விழுந்தார்கள். பறவை என்று ஒரு வகுப்பு எழுதி அதில் 'பறக்கும்' என்று போட்டுவிட்டு, பிறகு பெங்குவின் வந்ததும் தலையைச் சொறிந்தார்கள். 1994ல் எரிக் காமாவும் மூன்று பேரும் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற புத்தகம், மரபாகப் பெறுவதைவிட வேண்டிய உறுப்புகளைக் கூட்டிச் சேர்ப்பதே பல இடங்களில் மேல் என்று சொல்லிற்று. மறு வருஷம் வந்த ஜாவாவில் ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு தாய் வகுப்புதான். ஆனால் எத்தனை 'இன்டர்ஃபேஸ்' வேண்டுமானாலும் ஏற்கலாம். பவணந்தியாரின் மாடு இரண்டு கணக்கில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வந்தான், வந்தாள், வந்தது

திணை என்பது வெறும் பட்டியலாக நின்றுவிடவில்லை. அது வினையில் போய் வேலை செய்கிறது. அவன் வந்தான், அவள் வந்தாள், மாடு வந்தது, மாடுகள் வந்தன. 'அவன் வந்தது' என்றால் இலக்கணம் அதைத் திணை வழு என்று நிறுத்துகிறது. எந்த வகுப்புப் பொருளுக்கு எந்த வினை பொருந்தும் என்று ஒத்துப் பார்த்து, பொருந்தாததைத் தடுப்பதே சி பிளஸ் பிளஸ்ஸும் ஜாவாவும் நிரலை ஏற்கும் முன் செய்கிற சோதனை. பையன் "எரர் அடிக்குது" என்கிறானே, அதில் பாதி இந்த வழுதான். வழுவமைதியும் உண்டு. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்ற ஐந்து காரணங்களால் திணை மாறிச் சொன்னாலும் குற்றமில்லை என்கிறது நன்னூல். வீடு திரும்பும் பசுவைப் பார்த்து மகிழ்ந்து என் அம்மை வந்தாள் என்பதை உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். தெரிந்தே வகுப்பு மாற்றி அழைப்பதற்கு நிரல் மொழிகளிலும் வழி இருக்கிறது. ஆனால் அங்கே உவப்பும் கிடையாது, சினமும் கிடையாது.

கொச்சியில் வளரும் நம் குழந்தைகளிடம் முதலில் தேய்கிறது இந்த இடம்தான். மலையாளத்தில் அவன் வந்நு, அவள் வந்நு, பசு வந்நு. வினையில் திணையும் பாலும் கிடையாது, பெயரே போதும். அதில் குறை ஒன்றும் இல்லை, அந்த மொழியின் வழி அது. ஆனால் எட்டு மணி நேரம் அலுவலகத்தில் வகுப்புப் பொருத்தம் பார்க்கிற பெண் வீட்டுக்கு வந்து "மாமா எல்லாம் வந்துச்சு" என்று சொல்லும்போது, அவள் அலுவலகத்தில் எந்த வழுவைத் திருத்தினாளோ அதையே நடுக்கூடத்தில் விட்டுவிடுகிறாள். பாட்டியைப் பிரியத்தோடு 'வந்துச்சு' என்பதைத் தமிழ்நாட்டிலும் சொல்வோம், அது உவப்பு. மாமாக்கள் எல்லாரும் கோபித்துக்கொள்வார்கள்.

கொச்சியின் பச்சைப் புத்தகம்

நம் ஊர் இந்த வரலாற்றில் வெறும் வேடிக்கை பார்த்ததில்லை. டச்சுக்காரர் கொச்சியை ஆண்ட காலத்தில் இங்கே தளபதியாக இருந்த வான் ரீடு என்பவரின் முயற்சியால் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற தாவர நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகமாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் செடிகளின் பெயரும் குணமும் சொன்னார்கள். அதில் பேரால், அரையால், இத்தியால், அத்தியால் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. 'ஆல்' என்பது வகுப்பு; முன்னொட்டு அதன் கிளை. பேரைக் கேட்டாலே தாய் எது, சேய் எது என்று தெரிந்துவிடும். பின்னாளில் லின்னேயஸ் மலபார்ச் செடிகளுக்குப் பெயர் வைக்கும்போது இந்நூலையே பெரிதும் நம்பினார். ஆட்கள் காட்டிலிருந்து வெட்டி வந்த கிளை பொருள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் வகுப்பு. கிளைகள் வாடிப் போயின. பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003ல் வெளியிட்டது. வாய்ப்புள்ளவர்கள் முதல் பாகத்தையாவது புரட்டிப் பாருங்கள்.

எது இல்லை

தொல்காப்பியரும் உமாஸ்வாதியும் பவணந்தியாரும் இட்டி அச்சுதனும் உலகில் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்து வகுத்தவர்கள். எறும்பு முதலில், வகுப்பு பிறகு. ஒஸ்லோவில் நடந்தது இதற்குத் தலைகீழ். அங்கே வகுப்பை முதலில் எழுதினார்கள். லாரி என்று ஒரு வகுப்பு எழுதி முடித்த நேரத்தில் ஒரு லாரிகூட இல்லை. 'புதிதாக ஒன்று' என்று கட்டளை கொடுத்ததும் பொருள் பிறந்தது. ஆயிரம் முறை கட்டளை கொடுத்தால் ஆயிரம் லாரி. வகுப்பு என்பது வருணனையாக இருந்த நிலை மாறி அச்சாக ஆனது 1967ல்தான். இதை நம் முன்னோர் கணக்கில் எழுத முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக மரபு ஏறுவதையும், பொருத்தம் பார்ப்பதையும், ஒரே உயிரை இரண்டு கணக்கில் வைப்பதையும் நன்றாகவே எழுதலாம்.

இனி, சொல்லைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பாடநூலார் 'வகுப்பு' என்பதை விட்டு 'இனக்குழு' என்று போனதற்குக் காரணம் ஊகிக்கலாம். வகுப்பு என்றால் பள்ளிக்கூட வகுப்பு. போதாததற்கு, 1921ல் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி உத்தரவு முதலாக அது சாதி, சமயப் பிரிவையும் குறித்துப் பழகிவிட்டது. குழப்பம் வரும் என்று அஞ்சியிருப்பார்கள். ஆனால் குழு என்றால் ஆட்கள் வேண்டும். ஆளில்லாத குழு உண்டா? கணிப்பொறியில் ஒரு பொருள்கூடப் பிறக்காத நிலையிலும் கிளாஸ் என்பது முழுசாக இருக்கிறது, எம்.ஜி.1 பட்டியல் சரக்கே வராத மாதத்திலும் இருப்பது போல. வகு என்ற வினையிலிருந்து வந்த சொல்லில், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு காரியத்துக்காக வகுத்தார் என்ற செய்தியும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் என் ஓட்டு வகுப்புக்கே.